கரண்ட் வருது, சார்ஜ் ஏறல

மடிக்கணினி பழுது பார்க்கும் கடைகளில் ஓயாமல் காதில் விழும் புகார் இது. அடாப்டரில் விளக்கு எரிகிறது, கணினியும் ஓடுகிறது. பேட்டரி மட்டும் ஏறுவதில்லை. விண்டோஸ் திரையின் மூலையில் ‘ப்ளக்ட் இன், நாட் சார்ஜிங்’ என்று ஒரு வரி நிற்கும். வாசல்வரை வந்த கரண்ட் பேட்டரிக்குள் போகாத இந்த விசித்திரம் ஆரம்பத்தில் இருந்ததில்லை. பேட்டரிக்குள் சிப் குடியேறிய பிறகு பிறந்தது.

1982இல் வந்த கிரிட் காம்பஸ், மூடித் திறக்கும் கணினிகளின் முன்னோடி. அதில் பேட்டரியே கிடையாது. சுவரில் பிளக் பாயின்ட் இருந்தால்தான் வேலை நடக்கும். அடுத்த ஆண்டு வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 நான்கு ஏஏ பேட்டரிகளில் ஓடியது. தீர்ந்துபோனால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு நிக்கல்-காட்மியத்தின் காலம். பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்ப ஏற்றினால் அந்தப் பேட்டரி சீக்கிரமே சோர்ந்துவிடும் என்ற பயம் இருந்தது. ‘முழுசா இறக்கிட்டு ஏத்து’ என்ற யோசனை அப்போது வந்ததுதான். பேட்டரி மாறியும் யோசனை மாறவில்லை. இன்றும் பலர் சொல்கிறார்கள். இன்றைய லித்தியம்-அயனுக்கு அது கெடுதல். அடியோடு இறக்கி, மாதக்கணக்கில் பீரோவில் வைத்துவிட்டால் செல்லின் மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே விழும். உள்ளிருக்கும் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். பிறகு அடாப்டரைச் செருகினாலும் பல சமயம் பலன் இருக்காது.

அந்தச் சுற்றைக் குறை சொல்ல முடியாது. லித்தியம்-அயன் பேட்டரியை சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1995இல் ஆப்பிளின் பவர்புக் 5300 அதே வகைப் பேட்டரியோடு வெளிவந்தது; இரண்டு கணினிகள் தீப்பிடித்ததும் நிறுவனம் லித்தியத்தைக் கைவிட்டு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடுக்குத் திரும்பியது. 2006இல் இதைவிடப் பெரிய அடி. சோனி செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததால் ஷார்ட் ஆகும் அபாயம் தெரியவந்தது. டெல் மட்டும் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது, ஆப்பிள் 18 லட்சம்.

இந்த ஆபத்துள்ள பொருளுக்குக் காவல் தேவைப்பட்டது. அதற்கான முயற்சி முன்பே தொடங்கியிருந்தது: 1990களின் நடுவில் இன்டெலும் டியூராசெல்லும் சேர்ந்து ‘ஸ்மார்ட் பேட்டரி’ முறையை வகுத்தன. தன் வெப்பம், மின்னழுத்தம், மிச்சமிருக்கும் சார்ஜ் எல்லாவற்றையும் பேட்டரியே கணினிக்குச் சொல்லும். தனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதையும் அதுவே கேட்கும். பழைய பேக்கைப் பிரித்து, 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல்களைப் புதிதாக வைத்துக் கட்டும் மெக்கானிக்குகள் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். செல் புதிது, ஆனால் சிப்பின் நினைவில் பழைய கோளாறு அப்படியே இருக்கும். அதை அழிக்காதவரை பேட்டரி ஏறாது.

அடாப்டரும் சும்மா இருக்கவில்லை. டெல் கணினிகளின் உருளை பிளக்கின் நடுவே ஊசிபோல ஒரு பின் இருக்கும். மின்சாரம் வருவது அதன் வழியாக இல்லை. ‘நான் இன்ன அடாப்டர், இத்தனை வாட்’ என்ற தகவல் மட்டும் அதில் போகும். ஒயரை மடக்கி மடக்கிச் சுருட்டும் இடத்தில், பிளக்கை ஒட்டி, அந்த மெல்லிய கம்பி அறுந்தாலோ பின் வளைந்தாலோ கணினி ஓடும், பேட்டரி ஏறாது. மதர்போர்டைக் கழற்றுவதற்கு முன் வேறொரு அசல் அடாப்டரைச் செருகிப் பார்ப்பதே நல்ல மெக்கானிக்கின் முதல் வேலை. பேட்டரி கழற்றும் வகையாக இருந்தால், அதை எடுத்துவிட்டு, அடாப்டரையும் உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பார். குழம்பிக் கிடக்கும் கட்டுப்பாட்டு சிப் சில நேரம் அதிலேயே தெளிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பழுது பார்க்கும் அறிவு பரவ ஒரு தனிக் காரணமும் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் பல லட்சம் மாணவர்கள் கணினி பெற்றார்கள். அவர்களில் பலருக்கு வீட்டின் முதல் கணினி அதுதான். லித்தியம்-அயன் பேட்டரி சில நூறு முறை ஏற்றி இறக்கியதுமே தளர ஆரம்பிக்கும் பொருள். கல்லூரிப் படிப்பு முடிவதற்குள் அதன் தெம்பு குறைவது இயல்பு. அதை மாணவர்களுக்கு அப்போதே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

சார்ஜருக்கும் கணினிக்கும் இடையிலான பேச்சு இப்போது இன்னும் நீண்டுவிட்டது. 2015 முதல் கணினிகளில் வரத் தொடங்கிய யுஎஸ்பி-சி இணைப்பில் 5 வோல்ட்டில்தான் ஆரம்பம். சார்ஜரும் கணினியும் பேசி ஒத்துக்கொண்ட பிறகே 20 வோல்ட் வரும். 2026 ஏப்ரல் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய மடிக்கணினிகளுக்கு இந்த இணைப்பு கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பும் பல கணினிகளில் உண்டு. பேட்டரியின் ஆயுளைக் கூட்டத்தான் அது, பழுது இல்லை. அந்த அமைப்பும் இல்லாமல் ஏற மறுத்தால், கேபிளுக்கு நடுவே சிறிய மீட்டரைச் செருகிப் பார்க்கிறார்கள். எண் 5 வோல்ட்டிலேயே நின்றால் பேச்சு முறிந்திருக்கிறது என்று பொருள். முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கிறார்கள், பிறகு சார்ஜரை, கடைசியாகத்தான் கணினியின் ஸ்குரூவில் கை வைக்கிறார்கள்.