ரப்பர் ஷீட்டுக்குக் கிடைத்த சூடு

2018 ஜனவரியில் சில நாட்கள் தீபகற்பம் முழுக்கக் குளிர்ந்தது நினைவிருக்கலாம். வாட்ஸ்அப்பில் கேலிப் படங்கள் சுற்றின. நான் பல்கலைக்கழகத்திலிருந்து பெஸ்தாரி ஜெயா வீட்டுக்கு வந்திருந்தேன். பாட்டி ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, அடுப்படியில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா பாட்டி, 22 டிகிரிதானே?"

"ஒனக்கு டிகிரி. எனக்குப் பெரட்டு."

அதோடு சரி. பிறகுதான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இலங்கையின் மலைத் தோட்டங்களைப் பற்றிப் படித்தால் கம்பளி வந்துவிடும். தொழிலாளிக்குக் கம்பளி கொடுத்து அதைக் கடன் கணக்கில் ஏற்றினார்கள். கொடுமைதான், ஆனால் அங்கே குளிர் என்று ஒன்று இருப்பதைக் கணக்குப் புத்தகமாவது ஒப்புக்கொண்டது. நான் படித்த மலாயாத் தோட்ட வரலாறுகளில் கங்காணி வருகிறார், கள்ளுக்கடை வருகிறது, 1941 கிள்ளான் வேலைநிறுத்தம் வருகிறது. குளிர் வருவதில்லை. வெப்ப நாட்டில் என்ன குளிர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பால்மரத்துக்கு வேறு கணக்கு. இரவில் இலைகள் வழியாக மரம் இழக்கும் நீர் குறைவு. அதனால் விடிவதற்குச் சற்று முன்பு பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். ஆக, நாளின் மிகக் குளிர்ந்த நேரம்தான் அந்தத் தொழிலின் மூலதனம். அதற்காகத்தான் இருட்டில் தப்பு அடித்து ஆளை எழுப்பினார்கள், பெரட்டுக்களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பனி சொட்டும் புல்லில் முழங்கால் வரை நனைந்து நிரைக்குப் போக வேண்டும். 23 டிகிரியில் யாரும் விறைத்துச் சாவதில்லை, உண்மை. ஆனால் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சும் வேகம் வேறு. வயிற்றில் வெறும் வரக்கோப்பி என்றால் இன்னும் வேறு. நவம்பர், டிசம்பர் மழையில் மரம் நனைந்துவிட்டால் பால் வெட்டே கிடையாது. அன்றைக்குக் கூலியும் கிடையாது.

லயத்து வீட்டில் சுவர் கூரை வரை எட்டாது. காற்றோட்டத்துக்கு விட்ட இடைவெளி. பக்கத்து வீட்டு இருமல் முழுசாகக் கேட்கும். மேலே தகரம். தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், விடியலில் சொட்டுச் சொட்டாய் வியர்க்கும். பாட்டி வீட்டில் சூடு என்றால் அடுப்புதான். ரப்பர் விறகு, பற்றவைக்க ஒரு துண்டு ஒட்டுப்பால். ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து, எடுத்தால் திருட்டு. நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விடியும் முன்பே எரித்துவிடுவார்களாம்.

குளிர் என்ற சொல்லே அங்கே பாதி நாள் காய்ச்சலைத்தான் குறித்தது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து, லயத்தைச் சுற்றியிருந்த காட்டை வெட்டினால் மலேரியா குறையும் என்று கரையோரத் தோட்டங்களில் காட்டினார். அதுவரை, அதற்குப் பிறகும் பல இடங்களில், வேப்பிலை போட்டுப் புகை மூட்டுவதுதான் கொசுவுக்கும் குளிருக்கும் சேர்த்து ஒரே மருந்து. ஜப்பான்காரன் காலத்தில் துணியே கிடைக்கவில்லை. கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள், இரவில் போர்த்திக்கொண்டதும் அதையே. பாட்டியின் அம்மா சாக்கு உடுத்தியவர். அரிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுவாராம்.

எல்லாத் தோட்டத்துக்கும் சொல்ல முடியாது, ஆனால் ஷீட் போட்ட தோட்டத்தில் இரவு முழுக்க அணையாத நெருப்பு ஒன்று இருந்தது. புகைக் கொட்டகை. உருளையில் பிழிந்த ரப்பர் ஷீட்டை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, 40இலிருந்து 60 டிகிரி வரை சூட்டைக் கட்டிக் காப்பார்கள். நாலைந்து நாள். சூடு இறங்கினால் பூஞ்சை பூக்கும், ஏறினால் கொப்புளம் விழும், இரண்டிலும் தரம் போய்விடும். அதனால் நெருப்பைப் பார்த்துக்கொள்ள இரவெல்லாம் ஒரு ஆள். நான் தொழிற்சாலையில் உலர்த்திகளோடு வேலை செய்கிறவன். விறகை வைத்து இவ்வளவு குறுகிய வரம்புக்குள் சூட்டை நிறுத்துவது லேசான காரியமில்லை. அதைச் செய்தது நம் ஆட்கள்தான்.

ஒரு மழைக்காலத்தில் பாட்டி நனைந்த சேலையை அங்கே ஷீட்டுகளுக்கு நடுவில் காயப்போட்டிருக்கிறார். கிராணி பார்த்துவிட்டு அரைநாள் பேரை வெட்டிவிட்டார். "நாலு ஷீட்டுக்கு எடம் போச்சுன்னாரு."

பத்தாங் பெர்ஜுந்தையில் (பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர்) தென்னமாராம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோன்னியே 1917இலேயே செம்பனையை வணிக ரீதியாக நட்டுவிட்டார். நாட்டிலேயே முதல் முறை. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. குலை வெட்ட விடியற்காலை அழுத்தம் தேவையில்லை. பாட்டியின் தோட்டமும் மாறியது, புகைக் கொட்டகையைப் பிரித்தார்கள். அதன் தகரத்தில் நாலை வாங்கிவந்து தாத்தா அடுப்படிக்கு மறைப்பு கட்டினார். கரி பிடித்த தகரம். மழை பெய்தால் அதில் ஷீட் வாசம் வரும் என்று பாட்டி சொல்கிறார்.