சபையில் பேசும் உரிமையும் சிறைக்கதவும்

நமது சங்கத்தின் மகாசபையில் ஓர் அங்கத்தினர் எழுந்து நின்று, "அக்கிராசனர் அவர்களே, இது விதிக்கு உட்பட்டதா?" என்று வினவுவாராயின், பின்வரிசையில் இருப்போர் சிலர் சலித்துக்கொள்வது வழக்கம். காரியத்தை நடக்கவொட்டாமல் விதியைப் பேசுகிறவர் என்ற பெயரும் அவருக்கு எளிதில் வந்துவிடுகிறது. யார் பேசலாம், எப்பொழுது பேசலாம், எதைப் பற்றிப் பேசலாம் என்னும் வரையறை ஒரு சபையில் இல்லையேல், உரத்த குரலும் கனத்த மடியும் உடையவரே அங்கே பேசுவர். ஏனையோர் கைதட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். நம் சிறு சபைக்குள்ள இந்த நிலைமை தேசத்தின் பெருஞ்சபைக்கும் உண்டு. அப்பெருஞ்சபையின் விதிகளுள் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாசிகளாகிய நம்மை நேரே தொட்டதொன்றை இங்கே ஆராய எடுத்துக்கொண்டோம். ஜனங்கள் தேர்ந்தனுப்பிய பிரதிநிதியை அரசாங்கம் காவலில் அடைத்துவிடுமாயின், அவர் சபையில் பேசும் உரிமை என்னாகிறது என்பதே அது.

1934-ஆம் வருஷக் கடைசியில் டெல்லி மத்திய சட்டசபைக்குப் பொதுத் தேர்தல் நடந்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மூன்று ஜில்லாக்களும் சேர்ந்த தொகுதியினின்று நம் இராஜபாளையத்து ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள் காங்கிரஸ் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். சென்னை நகரத்தின் பிரதிநிதி ஸ்ரீ சத்தியமூர்த்தி. சேலம், கோயம்புத்தூர்ப் பக்கத்தவர் ஸ்ரீ அவிநாசிலிங்கம் செட்டியார். சபைத் தலைவராக 1935 ஜனவரியில் அமர்ந்தவர் முன்பு சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்த ஸர் அப்துர் ரஹீம். வாக்குரிமை சொத்துடையோர் சிலருக்கே இருந்த காலம் அது. ஆயினும் தெற்கே கடைசியிலிருக்கும் ஒரு பருத்தி ஊரின் மனிதர் டெல்லி சபையில் ஆசனம் பெற்றது சிறு செய்தியன்று.

அத்தேர்தலில் வங்காளத்தில் வெற்றி பெற்றவர்களுள் ஸ்ரீ சரத் சந்திர போஸும் ஒருவர். அவரோ 1818-ஆம் வருஷத்து மூன்றாவது ரெகுலேஷன்படி விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டிருந்தார். சபை கூடிற்று, அவர் ஆசனம் வெறுமையாயிருந்தது. சபை கூடியவுடனேயே, 1935 ஜனவரி 22-ல், காங்கிரஸ் கட்சியார் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தனர். இத்தீர்மானம் என்னவென்பதை இளைஞர்களுக்காகச் சொல்லுகிறோம். "இச்சபை இப்பொழுது கலைவதாக" என்று பிரேரிப்பதுதான் அதன் வடிவம். வீட்டுக்குப் போவது அதன் நோக்கமன்று. அன்றாட அலுவல்களை நிறுத்திவிட்டு, அவசரமான பொது விஷயம் ஒன்றை அன்றே எடுத்துப் பேசுவதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை. சபைத் தலைவர் அதை முறையானதென ஏற்கவேண்டும். அதன்பின் இருபத்தைந்து அங்கத்தினர் எழுந்து நின்று ஆதரிக்கவேண்டும். இவ்விரண்டும் கூடினாலொழிய அது விவாதத்துக்கு வராது. அன்று வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அங்கத்தினரைத் தம் கடமையைச் செய்யவொட்டாமல் தடுப்பது சபையின் உரிமைக்கே பங்கம் என்பது பிரேரித்தவர்களின் வாதம். வாக்கெடுத்தபொழுது ஆதரவாக 58, எதிராக 54. சர்க்கார் தோற்றது.

தோற்றும் என்ன? கதவு திறக்கவில்லை. அக்காலத்து நிர்வாகம் சபைக்குப் பொறுப்புடையதன்று. சபை கண்டித்தால் வைஸ்ராய் கேட்டுக்கொள்வார், அவ்வளவே. சட்டமும் சபையின் பக்கம் அழுத்தமாக இல்லை. 1925-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, சபை நடக்கும் நாட்களில் கடன், வழக்குச் செலவு போன்ற சிவில் காரியங்களுக்காக அங்கத்தினரைக் கைது செய்யலாகாது என்றது. கிரிமினல் கைதைப் பற்றியும் விசாரணையற்ற காவலைப் பற்றியும் அது பாதுகாப்பொன்றும் தரவில்லை. ஆகவே கடன்காரனிடமிருந்து அங்கத்தினரைக் காத்த சட்டம் சர்க்காரிடமிருந்து காக்கவில்லை என்று சொல்லலாம்.

இங்கிலாந்தின் பழைய பார்லிமெண்டிலும் நிலைமை இதுவே என்பது 1940-ல் தெளிவாயிற்று. காப்டன் ராம்ஸே என்னும் காமன்ஸ் சபை அங்கத்தினர் யுத்தகால விதியின்படி விசாரணையின்றி அடைக்கப்பட்டார். அச்சபையின் உரிமைக்குழு ஆராய்ந்து, இது உரிமைப் பங்கமன்று என்று முடிவு கூறிற்று. ஆனால் ராம்ஸே தம் பதவியை இழக்கவில்லை. சிறையிலிருந்தபடியே எழுத்து மூலமான கேள்விகளைச் சபைக்கு அனுப்பி வந்தார். அவற்றுக்கு மந்திரிகள் விடையளிக்கவும் வேண்டியிருந்தது. அவருடைய அரசியல் கொள்கை நமக்கு ஏற்புடையதன்று. எனினும் வாய் அடைபட்டவருக்கும் பேனா அடைபடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சுதந்தரம் வந்தது. 1949 ஏப்ரலில் ஸ்ரீ குமாரசாமி ராஜா அவர்கள் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1952 ஏப்ரல் வரை அப்பதவியை வகித்தார். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கென ஈந்த அப்பெருந்தகையின் நாணயத்தை நம்மூரில் ஐயுறுவார் இல்லை. ஆயினும் சரித்திரம் எழுதப் புகுந்தவர்கள் வசதியானதை மட்டும் எழுதலாகாது. சரத் போஸுக்காக 1935-ல் டெல்லியில் வாதாடிய கட்சி, இப்பொழுது சென்னையில் ஆளும் கட்சி. அதன் ஆட்சியிலே, சென்னைச் சட்டசபை அங்கத்தினராகிய கம்யூனிஸ்டு தலைவர் ஸ்ரீ கே. அனந்த நம்பியார் காவற்கைதியாக இருந்தார். அவர் சபாநாயகருக்கு எழுதிய கடிதங்கள் போய்ச் சேராமல் தடுக்கப்பட்டன என்பது வழக்காயிற்று.

1952-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான சென்னை ஹைகோர்ட்டின் தீர்ப்பு இவ்விஷயத்தில் ஒரு மைல்கல். காவலில் இருப்பினும் ஒருவர் அங்கத்தினராக நீடிக்கும்வரை, சபைக்கும் சபாநாயகருக்கும் உரிமைக்குழுத் தலைவருக்கும் தடையின்றி எழுதும் உரிமை அவருக்கு உண்டு. அக்கடிதங்களை நிறுத்திவைக்க நிர்வாகத்தார் எவருக்கும் அதிகாரமில்லை என்பது அதன் சாரம். சிறையதிகாரி ஒருவர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, இது போகலாம், இது போகலாகாது என்று தீர்மானிப்பது, சபையின் காதையே அவர் பொத்துவதற்கு ஒப்பாகும். பதவியில் இருப்பவர் நம் ஊரினரே ஆனாலும், இத்தீர்ப்பு வந்தது நல்லதென்றே நாம் கருதுகிறோம்.

புதிய அரசியல் சட்டத்தின் 105-ஆவது பிரிவு பார்லிமெண்டில் பேச்சுச் சுதந்தரம் உண்டு என்று உறுதி கூறுகிறது. சபையில் சொன்ன சொல்லுக்காக எந்தக் கோர்ட்டும் ஓர் அங்கத்தினரை விசாரிக்க இயலாது. மற்ற உரிமைகளுக்கு, 1950-ல் காமன்ஸ் சபைக்கு இருந்தவையே அளவு என்று விட்டுவிட்டனர். அதனால் ராம்ஸேயின் வழக்கு நம் தலைமேலும் வந்து அமர்ந்தது. 1952 மே மாதத்தில் ஸ்ரீ வி. ஜி. தேஷ்பாண்டே என்னும் லோக்சபை அங்கத்தினர் தடுப்புக்காவல் சட்டத்தில் கைதானபொழுது, இது உரிமைப் பங்கமன்று என்றே சபையின் உரிமைக்குழு கூறிற்று. அவ்வமயம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியின் அங்கத்தினராக லோக்சபையில் இருந்தவர் ஸ்ரீ காமராஜ்.

அடுத்த தேர்தலில் நேர்ந்ததுதான் நம்மை நேரே தொட்டது. 1957-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் இரட்டை அங்கத்தினர் தொகுதியாயிருந்தது. பொது ஆசனத்துக்கு ஸ்ரீ உ. முத்துராமலிங்கத் தேவரும், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய ஆசனத்துக்குக் காங்கிரஸ் அங்கத்தினர் ஸ்ரீ ஆர். எஸ். ஆறுமுகமும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தேவர் முதுகுளத்தூர்ச் சட்டசபை ஆசனத்தையும் வென்று, அதை விட்டுவிட்டு லோக்சபையைக் கைக்கொண்டார். அதே வருஷம் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் கலகம் மூண்டது. செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் ஸ்ரீ இமானுவேல் சேகரன் கொலையுண்டார். இரு தரப்பிலும் ஏழைகள் பலர் உயிரையும் குடிசைகளையும் இழந்தனர். அத்துயரத்தை ஜாதி அபிமானத்தோடு பேசுவது பாவம் என்று எண்ணுகிறோம். அதன் குற்றம் எவருடையது என்ற ஆராய்ச்சியும் இக்கட்டுரைக்குப் புறம்பானது. செப்டம்பர் 28-ல் தேவர் மதுரையில் தடுப்புக்காவல் சட்டப்படி கைதானார். பின்னர்க் கொலை வழக்கிலும் சேர்க்கப்பட்டு, 1959 ஜனவரியில் நிரபராதி என விடுதலையானார். ஒரு வருஷத்துக்கு மேல், சற்றேறக்குறையப் பதினைந்து மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரின் பொது ஆசனம் வெறுமையாயிருந்தது.

அவ்வாறு நேரும்பொழுது சபை செய்வது யாது? அங்கத்தினர் ஒருவரைக் கைது செய்த அதிகாரி காரணத்தோடும் இடத்தோடும் சபாநாயகருக்கு உடனே அறிவிக்கவேண்டும். சபாநாயகர் அதைச் சபையில் வாசிப்பார். சபை கூடாத நாளாயின் அங்கத்தினர்க்கான அறிக்கையில் வெளியிடுவார். அறிவிக்கத் தவறுவதுதான் உரிமைப் பங்கம். கைது செய்வது அன்று! இன்னொன்று, அறுபது நாள் சபையின் அனுமதியின்றி வராதவர் ஆசனம் காலியென்று சபை அறிவிக்கலாம் என்கிறது 101-ஆவது பிரிவு. ஆகையால் சிறையிலிருப்பவர், பள்ளிக்குப் போகாத பிள்ளையைப் போல, விடுப்புக் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். அங்கத்தினரை வரவொட்டாமல் செய்ததும் அரசு, வராததற்கு மன்னிப்புக் கோரவேண்டியவர் அங்கத்தினர் என்னும் இம்முறை நமக்கு விசித்திரமாகவே தோன்றுகிறது. தேவரின் ஆசனம் காலியென்று அறிவிக்கப்படவில்லை. 1962 வரை அவரே அங்கத்தினர். தொகுதியில் மற்றோர் அங்கத்தினர் இருந்தாரே என்பீர்கள். உண்மைதான். ஆனால் இருவரையும் அனுப்பிய ஜனங்கள் வேறு வேறு நோக்கத்தோடு அனுப்பினர். ஒருவர் பேச்சு மற்றவருடையதாகாது.

அனந்த நம்பியாரின் பெயர் மறுபடியும் வருகிறது. 1962-ல் லோக்சபைக்குத் திருச்சியிலிருந்து அவரும், புதுக்கோட்டையிலிருந்து ஸ்ரீ ஆர். உமாநாத்தும் சென்றனர். 1964 டிசம்பர் முடிவில் இருவரும் தேசப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அடைக்கப்பட்டனர். சபைக்கு வரும்படி ராஷ்டிரபதியின் அழைப்பு வந்திருக்க, அதற்குக் கீழ்ப்படியவொட்டாமல் தடுப்பது எப்படிச் சட்டமாகும் என்று சுப்ரீம் கோர்ட்டில் கேட்டனர். வாதம் அழகியது. ஆனால் 1965 அக்டோபரில் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் முதலாகிய ஐவர் அதை ஏற்கவில்லை. பேச்சுச் சுதந்தரம் சபைக்குள் வந்தவருக்கே. சட்டப்படியான காவலில் உள்ளவர், அங்கத்தினர் என்ற காரணத்தால் மட்டும் வெளிவர உரிமையுடையவராகார் என்று தீர்ந்தது.

அத்தீர்ப்பின் நிழலிலேயே பின்வந்தவர்களும் நிற்கின்றனர். 2024-ஆம் வருஷத் தேர்தலில் காஷ்மீரத்துப் பாராமுல்லாத் தொகுதியில் வென்ற ரஷீத், பஞ்சாபின் கதூர் ஸாஹிப் தொகுதியில் வென்ற அமிருதபால் சிங் ஆகிய இருவரும் சிறையிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முன்னவர் மீது வழக்கு உண்டு. பின்னவர் தேசப் பாதுகாப்புச் சட்டப்படி காவலில் வைக்கப்பட்டவர். அவ்வருஷம் ஜூலை 5-ல் பிரமாணம் செய்யமட்டும் இருவரும் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டனர். 2025 மார்ச்சில் அமிருதபால் சிங்குக்கு 54 நாள் விடுப்பு வழங்கப்பட்டது. ரஷீதுக்கோ அதற்கு முந்திய மாதம் டெல்லி ஹைகோர்ட்டு இரண்டே நாள் சபைக்குச் செல்ல அனுமதி அளித்தது: போலீஸ் காவலோடு போகவேண்டும், கைபேசி கூடாது, பத்திரிகைக்காரரோடு பேசலாகாது. சபைக்குள் ஆயுதந்தாங்கிய போலீஸார் புகுவது வழக்கமில்லையாகையால், வாசலில் சபைக் காவலரிடம் அவரை ஒப்புவித்து, மாலையில் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.