முகப்பருவும் உயிர்ச்சத்து ஏ மருந்துகளும்

முகப்பரு பதின்ம வயதோடு மறைந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். முப்பது, நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும் அது வருவதுண்டு. அவர்களுள் பெண்களே அதிகம். ஆனால் முகப்பருவுக்கான மருந்துகளில் மிக வலிமையானது கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

மயிர்க்காலின் வாயை இறந்த தோல் செல்கள் அடைக்கும்போது, உள்ளே எண்ணெய் தேங்கிப் பாக்டீரியா பெருகுகிறது. பரு சிவந்து வீங்குகிறது. உயிர்ச்சத்து ஏ-யின் அமில வடிவமான டிரெட்டினோயின் இந்த அடைப்பை நீக்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் தம் குழுவினருடன் 1969 ஆம் ஆண்டு இதன் பயனை வெளியிட்டார். 1971 இல் 'ரெட்டின்-ஏ' என்ற பெயரில் இது அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கிளிக்மனின் புகழுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளிடம் அவர் பல பொருட்களைச் சோதித்தார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சாக்லேட்டால் பரு கூடுவதில்லை என்று 1969 இல் அவரது குழு கூறிய ஆய்விலும், பங்கேற்ற 65 பேரில் 35 பேர் கைதிகள். ஒப்பிடக் கொடுத்த மாற்று இனிப்பிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவில் இருந்ததால், அம்முடிவு வலுவற்றது. பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021 இலும், நகர நிர்வாகம் 2022 இலும் சிறைச் சோதனைகளுக்காக மன்னிப்புக் கேட்டன.

உட்கொள்ளும் மருந்தான ஐசோடிரெட்டினோயின் எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருக்குகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கேரி பெக் குழு, கடும் பரு கொண்ட 14 பேருக்கு இதைக் கொடுத்து, 13 பேருக்கு முழுமையாகக் குணமானதை 1979 இல் அறிவித்தது. ரோஷ் நிறுவனம் 1982 இல் 'அக்குட்டேன்' என விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலங்குகளில் கருச்சேதம் முன்பே தெரிந்திருந்ததால் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையும் இருந்தது. எச்சரிக்கை மட்டும் போதவில்லை. மருந்துக்கு உட்பட்ட 154 கர்ப்பங்களைப் பற்றி 1985 இல் வெளியான ஆய்வில், 21 குழந்தைகளுக்குக் காது, இதயம், மூளை போன்றவற்றில் குறைபாடுகள் பதிவாயின. 95 கர்ப்பங்கள் கலைக்கப்பட்டிருந்தன.

1988 இல் கருத்தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பிறகும் கர்ப்பங்கள் தொடர்ந்ததால், 2006 முதல் 'ஐபிளெட்ஜ்' பதிவு அமெரிக்காவில் கட்டாயமானது. கருத்தரிக்கக்கூடிய பெண்கள் கர்ப்பச் சோதனை செய்ய வேண்டும். மருந்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்திய பின் ஒரு மாதம் வரை கருத்தடையும் தேவை. கருவுற்றவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் அசெலாயிக் அமிலக் களிம்பையே பரிந்துரைக்கின்றனர்.