பேரடைக் கொத்துகளில் விண்மீன் பிறப்பு: புற ஊதா ஆய்வுகள்

பேரடைக் கொத்து என்பது நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரடைகள் ஈர்ப்பால் பிணைந்த கூட்டம். அங்கே புதிய விண்மீன்கள் பிறக்கின்றனவா என்பதைப் புற ஊதா ஒளி காட்டிக்கொடுக்கிறது. சூரியனைவிடப் பல மடங்கு நிறையுள்ள சூடான விண்மீன்களே இவ்வொளியை மிகுதியாக உமிழ்கின்றன; அவற்றின் ஆயுளோ குறைவு. எனவே ஒரு பேரடை புற ஊதாவில் பளிச்சிட்டால், கடந்த 10 கோடி ஆண்டுகளுக்குள் அங்கே விண்மீன் பிறப்பு நிகழ்ந்திருக்கும்.

ஓசோன் இவ்வொளியைத் தடுப்பதால் ஆய்வு வான்வெளிக்குப் போகவேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 7 அன்று அமெரிக்கா ஏவிய ஓஏஓ-2, ஆந்திரமேடா பேரடையின் முதிய நடுப்பகுதியும் புற ஊதாவில் எதிர்பாராத அளவு ஒளிர்வதைக் கண்டது. ஹீலியம் எரிக்கும் முதிய விண்மீன்களே அதற்குக் காரணம். நீள்வட்டப் பேரடைகளின் மங்கலான புற ஊதா ஒளியை இளமைக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்ற எச்சரிக்கை இதனால் கிடைத்தது.

1978இல் ஹார்வி புட்சரும் அகஸ்டஸ் ஓம்லரும் 400 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள இரு கொத்துகளை ஆராய்ந்தனர். அருகிலுள்ள கொத்துகளின் நடுவே சிவந்த, வாயு வற்றிய பேரடைகளே நிறைந்திருக்க, இவற்றிலோ இளம் விண்மீன்கள் மிகுந்த நீலப் பேரடைகள் ஏராளம். 1984இல் 33 கொத்துகளை ஒப்பிட்டு, தொலைவு கூடக்கூட, அதாவது காலத்தில் பின்னோக்கிச் செல்லச்செல்ல, நீலத்தின் பங்கும் கூடுவதாக எழுதினர். இத்துறையின் மூலக்கேள்வி இதுவே: அந்த நீலம் எப்படி அணைந்தது? கொத்தை நிரப்பியிருக்கும் கோடிக்கணக்கான பாகை வெப்ப வாயு, உள்ளே விரையும் பேரடைகளின் குளிர்வாயுவை எதிர்க்காற்றாய் உரித்தெடுத்ததே முதன்மை விடை. 1972இலேயே கன், காட் என்ற இரு வானியலாளர்கள் இதைக் கணித்திருந்தனர்.

மார்செய் ஆய்வாளர்கள் 40 செ.மீ. ஆடி கொண்ட ஃபோக்கா தொலைநோக்கியைப் பலூனில் ஏற்றி, 200 நானோமீட்டரில் கோமா கொத்தைப் படமெடுத்தனர். ராக்கெட் இல்லாமலே நடந்த இம்முயற்சி இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது. 2003இல் வந்த காலெக்ஸ் என்ற புற ஊதா விண்தொலைநோக்கி, பத்தாண்டுகளில் வானின் பெரும்பகுதியை அளந்தது.

தொலைவே இங்கு ஓர் உதவியும் செய்கிறது. செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 1 உள்ள கொத்திலிருந்து 200 நானோமீட்டரில் கிளம்பிய ஒளி, 400 நானோமீட்டராக நீண்டு வந்து தரைத் தொலைநோக்கிக்கே எட்டுகிறது. ஆனால் பேரடைகளின் தூசு விழுங்கிய பங்கை அகச்சிவப்பு அளவீடுகளால் ஈடுசெய்ய வேண்டும்.

சுமார் 570 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஃபீனிக்ஸ் கொத்து ஒரு விதிவிலக்கு. அதன் நடுப் பேரடையில் ஆண்டுக்குப் பல நூறு சூரியன்களின் நிறைக்கு விண்மீன்கள் பிறப்பதை 2012இல் அறிவித்தனர். நமது பால்வீதியில் இது ஓரிரு சூரியன்களே. சூடான வாயு அங்கே குளிர்ந்து உள்ளே பொழிகிறது. பின்னர் ஹபிள் எடுத்த புற ஊதாப் படங்களில் இளம் விண்மீன்களின் இழைகள் தெரிந்தன.

2015இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட், ஏபெல் 85 கொத்தில் வாயு உரிக்கப்படும் ஜேஓ201 பேரடையின் வால்களிலும் விண்மீன் பிறப்பைப் பதிவுசெய்துள்ளது.