ஸ்டீயரிங் சுவிட்சுகளைக் கழற்றுதல்

ஸ்டீயரிங் சுவிட்சுகள் என்பவை, வானொலியின் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் தொலைபேசி அழைப்பை எடுக்கவும் ஸ்டீயரிங்கிலேயே பதித்த பொத்தான்கள். பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கை எடுத்த பிறகுதான் இவற்றின் திருகுகளே கண்ணுக்குத் தெரியும். சிறிய வேலையைக் கவனமான வேலையாக்குவது அதுதான்.

பொத்தானுக்கு அடியில் ரப்பர் குமிழும் அதன் நுனியில் கரித்துண்டும் இருக்கும். பல கார்களில் ஒவ்வொரு பொத்தானுக்கும் வெவ்வேறு மின்தடை. ஒரே கம்பியில் வரும் மின்னழுத்தத்தை வைத்து எது அழுத்தப்பட்டது என்று காரின் பிளேயர் கண்டுகொள்ளும். ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தான் போல ஆண்டு முழுதும் வெக்கையும் ஈரமும் உள்ள ஊரில், கை வியர்வை இறங்கித் தொடுமுனையில் படலம் கட்டினால் தடை மாறிவிடும். ஒலியைக் கூட்ட அழுத்தினால் பாட்டு மாறுவது அதனால்தான். எல்லாப் பொத்தான்களும் ஹார்னும் சேர்ந்து செத்து, ஏர்பேக் விளக்கும் எரிந்தால் சுவிட்சைக் குறை சொல்லிப் பயனில்லை; பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் 'கிளாக் ஸ்பிரிங்' நாடா அறுந்திருக்கும்.

முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றவேண்டும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தங்கும் மின்சாரம் வடிய ஹோண்டா 3 நிமிடமும் டொயோட்டா 90 விநாடியும் காத்திருக்கச் சொல்கின்றன. அவசரக்காரர்கள் விட்டுவிடும் கட்டம் இது. ஏர்பேக்கைப் பிடித்திருப்பது சில கார்களில் நட்சத்திரத் தலைத் திருகு, சிலவற்றில் பக்கத் துளைவழி அழுத்தி விடுவிக்கும் கம்பி. மஞ்சள் இணைப்பியைப் பிரித்தபின், ஏர்பேக்கை அதன் மூடி மேல்நோக்கி இருக்கும்படி வைக்கவேண்டும். அதில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்கவே கூடாது. பிறகு சுவிட்சுக்குச் சில திருகுகளும் ஓர் இணைப்பியும்தான். ஸ்டீயரிங்கைக் கழற்றும் தேவை பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்கை மாற்றும்போதுதான் வரும். அப்போது சக்கரங்கள் நேராக நிற்கவேண்டும், இல்லாவிட்டால் முழுதாகத் திருப்பும்போது நாடா அறுந்துபோகும்.

பழைய ஹோண்டா என்றால் கூடுதல் எச்சரிக்கை. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் 2003 ஹோண்டா சிட்டி ஒன்றின் தக்காத்தா நிறுவன ஏர்பேக் வெடித்துச் சிதறி ஓட்டிவந்த கர்ப்பிணி இறந்தார். அந்த ஏர்பேக்கை விரியவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் ஈர வெப்பத்தில் சீர்கெடும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று ஹோண்டாவிடம் உறுதிசெய்துகொண்ட பிறகே கை வைப்பது நல்லது.

தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாலே பல சுவிட்சுகள் பிழைத்துவிடும். பழைய உதிரிபாகம் விற்கும் 'ஹாஃப் கட்' கடையில் வாங்கிய சுவிட்சு அச்சாகப் பொருந்தினாலும் மின்தடை ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆண்ட்ராய்டு பிளேயர் என்றால் அமைப்புகளில் பொத்தான்களை மறுபடி பதிந்துகொள்ளலாம். தொழிற்சாலைப் பிளேயரில் அது பெரும்பாலும் நடக்காது.