கணக்கில் வராத ஊர்க்காரர்கள்

'உங்க ஊர் வாழ்க்கை எப்படி?' அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தின் மன்சி என்ற சின்ன ஊரில் 1924-ல் இதைக் கேட்கவே போய்த் தங்கினார்கள் ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதி. ஜனங்களும் மனம்விட்டுப் பேசினார்கள். துணிமணியைக் குறைத்தாலும் குறைப்போமே தவிர, காரை விடமாட்டோம் என்பது பல பெண்களின் கட்சி! கார் இருந்தும் வீடு பாழாய்க் கிடந்த 26 குடும்பங்களில் விசாரித்தால், 21 வீட்டில் குளியல் தொட்டியே இல்லை.

ஊர்ப் பெயரை மறைத்து 1929-ல் வெளிவந்த 'மிடில்டவுன்' புத்தகம் சக்கைப்போடு போட்டது. 'இதுதான்யா சராசரி அமெரிக்கா' என்று மெச்சினார்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். அங்கே 2,000-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களும் இருந்தார்கள். நிறப் பிரச்னை குறுக்கே வந்தால் ஆய்வு சிக்கலாகிவிடும் என்று அவர்களை ஒதுக்கிவிட்டது தம்பதி. அவர்களைக் கழித்துவிட்டு மிஞ்சியதுதான் அந்த 'சராசரி'!

அதே ஊர்க்காரர் ஹர்லி குடால். தீயணைப்பு வீரராக இருந்து மாநில சட்டசபைக்குப் போன கறுப்பினத்தவர். தம் மக்களின் கதைகளை வருடக்கணக்கில் சேர்த்துவைத்தார். பிறகு பல்கலைக்கழக மாணவர்கள் வந்து, அந்த மக்களோடு உட்கார்ந்து, எழுதியதை அவர்களிடமே காட்டித் திருத்தி ஒரு புத்தகம் போட்டார்கள். ஆண்டு 2004. முதல் புத்தகம் வந்து 75 வருடம் கழித்து!