1957 வெள்ளம் முதல் மாவடிப்பள்ளி வரை



1957 டிசம்பர், 2011 ஜனவரி, 2024 நவம்பர்: நமது கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த இந்த மூன்று வெள்ளங்களும் மாரியில்தான் வந்தன. மேற்கே பெய்யும் மழை நமது வயல்வெளிக்கு இறங்கும். கடலோர மணல்திட்டு வாயை அடைத்திருந்தால் அங்கேயே தேங்கும். அதனால்தான் முன்னோர் முகத்துவாரம் வெட்டினார்கள். வேளாண்மை அழுகிவிடும், வெட்டுங்கள் என்பார் விவசாயி. மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்பார் மீனவர். பேசித்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

தாம்போதியும் அப்படியொரு உடன்பாடுதான். மாரியில் தண்ணீர் மேலால் பாயட்டும் என்றே அதைத் தாழ்வாகக் கட்டினார்கள். கிட்டங்கியில் வெள்ளம் ஏறினால் அந்த வழி தண்ணீருக்குரியது. இன்று வடிச்சல்கள் பல நிரம்பி வளவுகளாகிவிட்டன. போக இடமில்லாத தண்ணீர் வீதியில்தான் ஏறும்.

2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. அந்தப் பிள்ளைகளின் ஜனாஸாக்களை இந்த மண் மறக்காது. அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக.

இந்த மாரியிலும் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் வாகனத்தைத் திருப்புவோம். ஆசிரியர்களாகிய நாம் சொல்கிறோம்: தவறிய பாடத்தைப் பிறகும் படிப்பிக்கலாம்.